மணிவிழாவுக்கு வந்த மாடு

கிங்ஸ்பரி, லண்டன்
15.02.2004

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இன்று நான் சொல்லாமல் விட்டது ஒரேயொரு வசனம்: "அது அம்பலவாணன் சித்தப்பாவின்ரை கதை." மற்றபடி நானும் அம்மாவும் சுகம். அம்மாவின் இருமல் குறைந்துவிட்டது. இந்தக் குளிருக்கு உங்கள் முழங்கால் என்ன சொல்கிறது?

நடந்தது இதுதான். இன்று மத்தியானம் பழைய மாணவர் சங்கத்தின் விருந்து. போன வருடம் அங்கே ஒரு டொக்டர் எழும்பி, தான் பாரிஸில் கோப்பை கழுவிய கதையைச் சொல்ல, மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. அன்றிலிருந்து கிங்ஸ்பரியில் கஷ்டப்படாத பணக்காரன் இல்லை. ஒருவர் பேக்கரியில் மாமூட்டைக்கு மேல் படுத்திருக்கிறார். இன்னொருவர் பெட்ரோல் நிலையத்தில் நின்றபடியே தூங்கியிருக்கிறார். பாலேந்திரா பெரியப்பாவிடம் மட்டும், பாவம், ஒன்றும் இருக்கவில்லை. எழுபத்துநான்கில் கணக்கியல் படிக்க லண்டனுக்கு வந்து, மூன்றாம் வருடம் வீடு வாங்கிய மனிதர் எதைச் சொல்வார்? ஆகவே தம்பியான உங்கள் கதையை எடுத்துக்கொண்டார்.

"நான் டென்மார்க்கிலை பனிக்குள்ளை மாடு மேய்ச்சனான். இஞ்சை வந்து தண்டவாளத்திலை சல்லிக்கல் அள்ளினனான். இந்தக் கையைப் பாருங்கோ!" என்று இரண்டு மோதிரம் போட்ட கையைத் தூக்கிக் காட்டினார். சனம் பார்த்தது. சிலர் கண்ணைத் துடைத்தார்கள். அங்கே இருந்த பாதிப் பேருக்கு இவர் டென்மார்க்கை வரைபடத்தில்கூடப் பார்த்ததில்லை என்று தெரியும். அவர்களும் தட்டினார்கள். தங்கள் முறை வரும்போது இவர் தட்ட வேண்டுமே.

அம்மா தன் கோப்பையைப் பார்த்தார். பாலாம்பிகை பெரியம்மா என்னைப் பார்த்தார். நான் வடைத் தட்டை அடுத்த மேசைக்குக் கொண்டுபோனேன். அப்பா உயிரோடு இருந்திருந்தால், உங்களுக்கும் பெரியப்பாவுக்கும் நடுவில் பிறந்தவர் என்ற உரிமையில் ஏதாவது சொல்லியிருப்பார்.

தொலைபேசியில் உங்களுக்கு ஒன்றும் கேட்காது. கேட்டாலும், இந்த வீட்டுத் தொலைபேசி பெரியப்பாவின் கதிரைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆகவே எழுதுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கன்றுகளைப் பற்றியும் இரண்டு வரி போடுங்கள்.

அன்பு மகள்
கௌசி


யூட்லாண்ட், டென்மார்க்
02.03.2004

பிள்ளை கௌசிக்கு,

கடிதம் கிடைத்தது. நான் இருக்கிறேன். முழங்கால் ஏதாவது சொன்னாலும் எனக்குக் கேட்கப் போவதில்லை. சுசிலா அக்காவின் இருமலுக்குக் கொத்தமல்லி அவித்துக் கொடு.

அண்ணை அந்தக் கதையை வைத்திருக்கட்டும். இந்தப் பண்ணையில் ஒன்பது வருடம், லண்டன் தண்டவாளத்தில் ஆறு வருடம், காது போன பிறகு திரும்பவும் இதே பண்ணை. இதில் களவெடுக்க என்ன இருக்கிறது? வாசலில் கழற்றிவிட்ட சாணிச் சப்பாத்தை ஒருவன் போட்டுக்கொண்டு போனால், சிரித்துவிட்டு வேறொன்று வாங்குவேன்.

ஒன்று மட்டும். பனிக்குள் மாடு மேய்ப்பதில்லை. பனிக்காலத்தில் மாடு கொட்டிலுக்குள் நிற்கும். எங்கள் வேலை சாணி தள்ளுவது. அதை மேடையில் சொன்னால் சனம் கண் துடைக்காது, மூக்கைத்தான் பொத்தும்.

இந்தக் கிழமை மூன்று கன்று. ஒன்றைத் தாய் சேர்க்கவில்லை. போத்தலில் பால் கொடுக்கிறேன். வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லு. அண்ணையையும்தான்.

சித்தப்பா


கிங்ஸ்பரி
28.03.2004

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

கொத்தமல்லி கொடுத்தேன். அம்மா சுகம், உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். போத்தல் கன்று எப்படி?

நேற்று பெரியப்பா என்னைக் கீழே கூப்பிட்டார்.

"பிள்ளை, செப்டெம்பரிலை எனக்கு மணிவிழா. விழா மலர் ஒண்டு அடிக்கிறம். என்ரை வாழ்க்கைக் குறிப்பை நீதான் எழுத வேணும்."

"எந்த வாழ்க்கை, பெரியப்பா?"

"என்னடி கேள்வி? விருந்திலை சொன்னனே, அதுதான். நீ புத்தகம் வாசிக்கிற பிள்ளை. கொஞ்சம் உருக்கமாய் எழுது."

"டென்மார்க்கிலை எந்த ஊர் எண்டு போடுறது?"

"ஊர் என்னத்துக்கு? வடக்குப் பக்கம் எண்டு போடு. நல்ல குளிர் எண்டு போடு."

முகத்தில் ஒரு கூச்சமும் இல்லை, சித்தப்பா. தான் சொன்னதை அவரே நம்பத் தொடங்கிவிட்டார். பொய் சொல்பவனை என்னால் கொஞ்சமாவது மதிக்க முடியும், அவனுக்கு உண்மை எங்கே இருக்கிறது என்று தெரியும். இவருக்கு அதுவும் மறந்துவிட்டது.

மறுக்கப் போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். "மேல்மாடியிலை இருந்துகொண்டு கீழ்வீட்டுக்காரரோடை நியாயம் கதைக்கேலாது, கௌசி. எங்களுக்கு வேறை எங்கை போக இருக்கு?" என்று அழுதார். அழுதுகொண்டே பெரியப்பாவின் சேர்ட்டை மடித்து வைத்தார்.

நீங்கள் "வேண்டாம்" என்று ஒரு வரி எழுதினால் போதும். அதைக் காட்டி மறுத்துவிடுவேன். அந்த வரிக்காகக் காத்திருக்கிறேன்.

கௌசி


யூட்லாண்ட்
22.04.2004

பிள்ளை கௌசிக்கு,

சுகம் கேட்டதற்கு நன்றி. போத்தல் கன்று பிழைத்துவிட்டது. இப்போது என் காற்சட்டைப் பொக்கற்றைச் சப்புகிறது.

வேண்டாம் என்று நான் எழுத வேண்டுமா? உனக்கு வாய் இல்லையா? எழுதுவதென்றால் எழுது, மறுப்பதென்றால் மறு. என் பெயரை முன்னால் பிடித்துக்கொண்டு சண்டைக்குப் போகாதே.

எழுதினால் பிழை இல்லாமல் எழுது. எண்பத்தைந்தில் இங்கே வந்தபோது எனக்கு மாட்டைத் தெரியாது. எங்கள் வீட்டில் பால் போத்தலில்தான் வந்தது. முதல் மாதம் ஒரு கிடாரி என்னைச் சுவரோடு வைத்து நெருக்கியது. கத்தினேன். முதலாளி வந்து மாட்டைத் தடவினான், என்னையல்ல. இரண்டாம் மாதம் ஏன் என்று விளங்கியது. பயந்தது மாடு.

தண்டவாளத்தைப் பற்றி ஒன்று. எல்லோரும் வேலை செய்ய ஒருவன் மட்டும் சும்மா நிற்பான். ரெயில் வருகிறதா என்று பார்ப்பதுதான் அவன் வேலை. வந்தால் கொம்பு ஊதுவான். கேட்டவன் எல்லாம் ஒரு கையை உயர்த்திக் காட்டிவிட்டு விலகி நிற்க வேண்டும். கை உயராவிட்டால் அவனுக்குக் கேட்கவில்லை என்று அர்த்தம். ஆறாம் வருடம் ஒரு காலை எல்லோருடைய கையும் மேலே, என் கை தண்டவாளத்துக்குக் கீழே கிடக்கும் சிலிப்பர் கட்டையில். பக்கத்தில் நின்ற நைஜீரியன் சட்டையில் பிடித்து இழுத்தான். ரெயில் போன பிறகு என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். அது சரிதான். கை தூக்காதவனை லைனில் வைத்திருக்கக் கூடாது. மற்றவர்களையும் கொல்லுவான்.

அக்காவை அழ விடாதே.

சித்தப்பா


கிங்ஸ்பரி
06.06.2004

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இங்கே வெயில் வந்துவிட்டது, அம்மாவின் இருமல் போய்விட்டது. நீங்கள் நல்லாயிருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

எழுதிவிட்டேன். கிடாரி, சுவர், சிலிப்பர் கட்டை எல்லாம். பெயர் மட்டும் அவருடையது. வாசித்துக் காட்டும்போது பெரியப்பா அழுதார். நடிப்பல்ல, உண்மையான கண்ணீர். "எவ்வளவு கஷ்டம் பட்டிருக்கிறன், பாத்தியோ?" என்று பெரியம்மாவிடம் கேட்டார். "ஓமப்பா" என்று அவரும் மூக்கை உறிஞ்சினார். இருபத்தேழு வருடம் பக்கத்தில் படுத்தவர்! அன்றிலிருந்து மாடிப்படியில் ஏறும்போது முழங்காலைப் பிடிக்கிறார். உங்கள் முழங்காலை.

ஒரேயொரு இடத்தை மாற்றச் சொன்னார். கொம்பு ஊதியவர் அவராக இருக்க வேண்டுமாம். கை தூக்குவது கூலிக்காரன் வேலையாம்.

இனித்தான் விசேஷம். மலர்க்குழுவில் அருள்நேசன் என்று ஒருவர் இருக்கிறார். பெரியப்பா தும்மினாலும் குறிப்பெடுப்பார். அவர் சொன்னார்: "மணிவிழாவிலை கோபூசை வைப்பம். ஐயா மாட்டோடை வாழ்ந்த மனிசன். பண்ணையிலை வாடகைக்கு ஒரு மாடு எடுத்தால், ஐயாவே கயிறைப் பிடிச்சு மண்டபத்துக்குள்ளை கூட்டியரலாம்!"

பெரியப்பாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "வெளியிலை வைச்சுச் செய்தால் என்ன?" என்று கேட்டார். "வெளியிலை வீடியோவுக்கு வடிவில்லை ஐயா. உள்ளுக்குத்தான். சனம் எல்லாம் அதைத்தான் கதைக்கும்." பெரியப்பா முழங்காலைத் தடவிக்கொண்டு, "ஓம், ஓம், எனக்கென்ன புதுசே" என்றார். இந்த வருடம் நான் சத்தம் போட்டுச் சிரித்தது அன்று ஒரு நாள்தான், அதுவும் குளியலறைக்குள்.

செப்டெம்பர் ஐந்து, ஞாயிறு. உங்களுக்கு அழைப்பிதழ் வராது. "அவனுக்குக் காதும் கேளாது, அலையப் பண்ணக் கூடாது" என்று சொல்கிறார்கள். அந்த அக்கறையை மட்டும் சேர்த்து அனுப்புகிறேன்.

கௌசி


யூட்லாண்ட்
04.07.2004

பிள்ளை கௌசிக்கு,

நான் சுகம். அழைப்பிதழ் தேவையில்லை. மற்றதையெல்லாம் விட்டுவிட்டு இதைப் போய் அண்ணையிடம் சொல்லு.

மினுக்கின தரையில் மாட்டை ஏற்றக் கூடாது. புல்லில் நடந்த கால் அங்கே பிடிக்காது. பின்கால் இரண்டும் இரண்டு பக்கம் விரிந்து போனால் உள்ளே சதை கிழியும். அதற்குப் பிறகு மாடு எழும்பாது. எழும்பாத மாட்டுக்கு ஒரு வழிதான் இருக்கிறது.

மேளம் பக்கத்தில் வேண்டாம். கயிறு பண்ணை ஆளின் கையிலேயே இருக்கட்டும். அண்ணை பக்கத்தில் நின்று படம் எடுக்கட்டும். பூசையை வெளியே, மண்ணில் அல்லது தார்த் தரையில் வைக்கட்டும்.

கதையை அவர் எடுத்தது எனக்கு ஒன்றுமில்லை. மாட்டை எடுக்க வேண்டாம் என்று சொல்லு. நான் சொன்னதாகவே சொல்லலாம். சொல்லிவிட்டு எனக்கு எழுது.

சித்தப்பா


கிங்ஸ்பரி
01.08.2004

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. எல்லோரும் சுகம். இங்கே பெரிய வெக்கை, நூலகத்தில் காற்றாடி பழுதாகி வேலை செய்ய முடியவில்லை.

பெரியம்மாவோடு சவுத்தாலுக்குப் போய்ச் சேலை எடுத்தோம். ஏழு கடை ஏறி இறங்கி, முதல் கடைக்கே திரும்பி வந்தோம். அவருக்கு மயில்கழுத்து நிறம், அம்மாவுக்கு "தாலி இல்லாத ஆளுக்கு இது காணும்" என்று ஒரு சாம்பல் நிறம். அம்மா சந்தோசமாக வாங்கிக்கொண்டார். வரும் வழியில் வெஸ்ட் ஈலிங்கில் இறங்கி அம்மனுக்கு அர்ச்சனை செய்தோம். பெரியப்பாவின் நட்சத்திரத்துக்கு.

மலர் அச்சாகி வந்துவிட்டது. அட்டையில் பெரியப்பா, பின்னால் ஒரு ரெயில். ஒரு பிரதி வைத்திருக்கிறேன், அனுப்பட்டுமா என்று தெரியவில்லை.

முழங்காலுக்கு எண்ணெய் போடுகிறீர்களா?

கௌசி


யூட்லாண்ட்
20.08.2004

பிள்ளை கௌசிக்கு,

சேலை நல்லது. முழங்கால் நல்லது. மலர் வேண்டாம்.

சொன்னாயா?

சித்தப்பா


கிங்ஸ்பரி
08.09.2004

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

உங்கள் இரண்டு கடிதமும் கிடைத்தன. அம்மாவும் நானும் சுகம். இல்லை, சொல்லவில்லை.

நான் பலமுறை கீழே இறங்கிப் போனேன். ஒவ்வொரு முறையும் அவர் கதிரையில் இருந்து யாருக்காவது தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருப்பார்: "அந்தக் கிடாரி என்னைச் சுவரோடை வைச்சு நெருக்கினது பாருங்கோ..." கேட்டுவிட்டு மேலே வந்துவிடுவேன். கிடாரியை அவ்வளவு தெரிந்தவருக்கு நான் எதற்கு மாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்?

விழாவுக்கு ஐந்நூறு பேர் வந்திருந்தார்கள். பண்ணையிலிருந்து மாட்டைக் கொண்டுவந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண், என் வயதுதான் இருக்கும். வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தாள். தரை கண்ணாடி மாதிரி இருந்தது. கொண்டுபோக மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அருள்நேசன் மலரை விரித்து அவள் முகத்துக்கு நேரே பிடித்தார். இவர் டென்மார்க்கில் ஒன்பது வருடம் மாட்டுப் பண்ணையில் இருந்தவர், கயிற்றை இவரிடம் கொடு என்றார். அவளுக்கு அதில் ஒரு எழுத்தும் விளங்காது. சுற்றிப் பார்த்தாள். அங்கே சிரிக்காமல் நின்றது நான் மட்டும்தான் போலும், என்னிடம் வந்து கேட்டாள். "உண்மையா? அவருக்கு மாடு பழக்கமா?"

"மலரில் அப்படித்தான் எழுதியிருக்கிறது" என்றேன்.

அது பொய்யல்ல. அவள் கயிற்றைக் கொடுத்தாள்.

பெரியப்பா பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாக முன்னால் நடந்தார். மாடு நல்ல அமைதி. கழுத்தில் மாலை, நெற்றியில் குங்குமம். ஐயர் மந்திரம் சொன்னார். மண்டபத்தின் நடுவுக்கு வந்ததும், வீடியோக்காரன் கையைக் காட்ட, தவில்காரர் பிளந்து கட்டினார். மாடு மிரண்டு திரும்பி ஓடப் பார்த்தது. பெரியப்பா கயிற்றை விட்டுவிட்டு ஓடியிருக்கலாம். அவர் அதைக் கையில் சுற்றி வைத்திருந்தார்.

இரண்டு பேரும் விழுந்தார்கள். மாடு இருந்த நிலையில், பின்கால்கள் இரண்டு பக்கமும் போய், முன்கால்களை ஊன்றி ஊன்றிப் பார்த்தது. பெரியப்பா அதன் முகத்துக்கு நேரே, தலைப்பாகை காதில் தொங்க. அதுவும் பூசையில் ஒரு பகுதி என்று நினைத்து முன்வரிசை எழும்பிக் கும்பிட்டது. ஒரு அம்மா தேவாரம் தொடங்கினார். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். சித்தப்பா, இதைவிட நல்ல தீர்ப்பை ஒருவராலும் எழுதியிருக்க முடியாது.

மணிக்கட்டு உடைந்து கட்டுப் போட்டிருக்கிறார்கள். விழா நிற்கவில்லை. பெரியப்பாவை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, எல்லோரையும் பக்கத்து மண்டபத்துக்குச் சாப்பிட வரச் சொன்னார்கள். மேளக்காரரும் அங்கேயே வந்து இருந்து வாசித்தார்கள். பாயாசம் நன்றாக இருந்தது.

உங்கள் சுகத்தை எழுதுங்கள்.

கௌசி


யூட்லாண்ட்
19.09.2004

பிள்ளை கௌசிக்கு,

அண்ணையின் கை பொருந்தட்டும். அக்காவைச் சுகம் கேட்டதாகச் சொல்லு.

நீ எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். தலைப்பாகை எங்கே தொங்கியது என்று எழுதியிருக்கிறாய். பாயாசத்தைப் பற்றியும் எழுதியிருக்கிறாய்.

நான் அன்று கை தூக்காதது எனக்குக் கொம்பு கேட்காததால். உனக்குக் கேட்டது. வாசலில் அந்தப் பெண் இன்னொரு தரமும் ஊதினாள்.

அண்ணை என் கதையை மேடைக்கு எடுத்தார். நீ சிரிக்க எடுத்தாய். ஒரே வீட்டு ஆட்கள்தான் நீங்கள் இரண்டு பேரும்.

மாடு எழும்பினதோ?

அம்பலவாணன்


கிங்ஸ்பரி
24.10.2004

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நாங்கள் சுகம். நீங்களும் சுகமாக இருக்க வேண்டும். பெரியப்பாவுக்குக் கட்டுப் பிரித்தாகிவிட்டது. கை கொஞ்சம் வளைந்து நிற்கிறது. போன ஞாயிறு ஒரு கல்யாண வீட்டில் அதைத் தூக்கிக் காட்டி, "இது டென்மார்க்கிலை மாடு முறிச்ச கை" என்றார். ஐந்நூறு பேர் பார்த்த விழாவில் இருந்தவர்களே "ஐயோ" என்றார்கள்.

நீங்கள் கேட்டதை நானும் கேட்டுப் பார்த்தேன். விழாக்குழுவில் ஒருவருக்கும் தெரியவில்லை, அருள்நேசன் "எந்த மாடு?" என்று கேட்டார். அதனால் நேற்று பஸ் எடுத்து அந்தப் பண்ணைக்குப் போனேன். அந்தப் பெண் அங்கே இல்லை. கயிற்றை வெளி ஆளிடம் கொடுத்ததற்காக வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். பண்ணைக்காரரிடம் நான் யார் என்று சொன்னேன். என்னிடம் அவள் கேட்டதையும், நான் சொன்ன பதிலையும் சொன்னேன். அவர் என்னை இருக்கச் சொல்லவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார்.

மாட்டின் பெயர் பிரிஜட். ஆறு வயது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் தொட்டுப் பார்ப்பதற்காகப் பழக்கியது. அதனால்தான் அவ்வளவு அமைதியாக வந்திருக்கிறது. நாங்கள் சாப்பிடப் போன பிறகு, மேடைக் கம்பளத்தை அதற்குக் கீழே தள்ளி, அதில் வைத்து வெளியே இழுத்திருக்கிறார்கள். மிருக வைத்தியர் வந்து பார்த்திருக்கிறார். தூக்கி நிறுத்தப் பார்த்தார்களாம், முன்கால் மட்டும் நின்றதாம்.

எழும்பவில்லை. கார் நிறுத்தும் இடத்தில் வைத்தே சுட்டார்கள். உள்ளே மேளம் வாசித்துக்கொண்டிருந்ததால் எங்களில் ஒருவருக்கும் கேட்கவில்லை.

கௌசி